அச்சமும் அடவும்

அச்சம் எல்லா உயிர்க்கும் பொதுவானது. பாம்பைக் கண்டு அஞ்சாதவர் யார்? ஆனால் மனிதரைக் கண்டு, அதிலும் தமக்கு எந்தத் தீங்கும் நினையாத மனிதரைக் கண்டு அஞ்சுவோரும் நம்மிடையே உள்ளனர். வருகைப் பதிவின்போது ‘உள்ளேன் சிஸ்டர்’ என்று சொல்ல நா எழாமல் நிற்கும் தோழியை நாம் எல்லோருமே பார்த்திருப்போம். அவளுக்குக் ‘கூச்ச சுபாவம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். கூச்சம் வேறு, இந்த அச்சம் வேறு.

கூச்சமுள்ள பெண் புதியவரிடம் சற்றுத் தயங்குவாள். பழகிய பின் கலகலப்பாகிவிடுவாள். இந்த அச்சமோ பழகினாலும் போவதில்லை. பிறர் தன்னை உற்றுப் பார்க்கிறார்கள், குறை காண்கிறார்கள், நகைக்கப் போகிறார்கள் என்ற எண்ணம் நாள்தோறும் வாட்டும். 1980ஆம் ஆண்டில் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தன் மூன்றாம் கையேட்டில் இதற்குச் ‘சமூக அச்சம்’ எனத் தனி இடம் அளித்தது. இன்று இதனைச் சமூகப் பதற்றம் என்பர். 6 மாதமோ அதற்கு மேலோ நீடித்து, படிப்பையும் பழக்கத்தையும் கெடுத்தால்தான் மருத்துவர்கள் இதை நோய் எனக் கொள்கின்றனர். சிறுவர்க்கு இன்னொரு விதியும் உண்டு: பெரியவரிடம் மட்டுமன்றி, ஒத்த வயதினரிடமும் அந்த அச்சம் இருத்தல் வேண்டும். பெரும்பாலோர்க்கு இது 8 முதல் 15 வயதுக்குள் தலைகாட்டுகிறது. அதாவது இம்மலரைப் படிக்கும் நம் வயதே அதன் வயது.

எங்கள் வீட்டில் நாங்கள் மூத்தவர் இருவர். இளையவள் ஏழாம் வகுப்பு. அவள் வீட்டில் வாயாடி. வாசற்படி தாண்டினால் வேறு பெண். மதிய உணவை எவர் முன்னும் உண்ண மாட்டாள். டிபன் பாக்ஸ் மூடியபடியே வீடு திரும்பும். கடைக்கு அனுப்பினால் கடைக்காரரிடம் கேட்க இயலாமல் வெறுங்கையுடன் வருவாள். உறவினர் வந்தால் சமையலறைக் கதவின் பின்னே நிற்பாள். “வாயில் என்ன கொழுக்கட்டையா?” என்று அவர்கள் கேட்பார்கள். கேட்டவர்கள் அன்பாகவே கேட்டார்கள். ஆனால் அன்றிரவு அவள் உறங்க மாட்டாள். கடந்த ஆண்டு அரையாண்டுத் தேர்வுக்குப் பின் பள்ளிக்கே போக மாட்டேன் என்றாள்.

திருக்குறளில் ‘அவையஞ்சாமை’ என்று ஓர் அதிகாரமே, 73ஆவது, இருக்கிறது. கற்றும் அவைக்கு அஞ்சுவோரை வள்ளுவர் கல்லாதவரினும் கீழே வைக்கிறார். பெரியோர் சொல்லை மறுக்க நமக்குத் தகுதியில்லை. எனினும் அரசவையில் பேச வேண்டிய அறிஞர்க்குச் சொன்னதைப் பன்னிரண்டு வயதுச் சிறுமிக்குச் சொல்வது பொருந்துமா என எங்களுக்கு ஐயம் உண்டு.

அஞ்சும்போது உடலில் நிகழ்வது என்ன? இதயம் படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், மூச்சு மேலேறும். ஆபத்தை எதிர்க்கவோ ஓடவோ உடல் செய்துகொள்ளும் ஆயத்தம் இது என்று வால்டர் கேனன் 1915ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் விளக்கினார். ஓட இடமில்லாத வகுப்பறையில் அந்த ஆயத்தம் வீணாகி, நடுக்கமாக நிற்கிறது. 1995இல் கிளார்க், வெல்ஸ் என்ற இரு அறிஞர்கள் மேலும் ஒன்றைக் காட்டினர். சமூகப் பதற்றம் உள்ளவர் எதிரில் இருப்பவரைக் கவனிப்பதே இல்லை, தம்மையே கவனிக்கின்றனர். ‘என் குரல் நடுங்குகிறதா? முகம் வியர்க்கிறதா?’ இப்படி உள்நோக்கியே இருப்பதால், எதிரிலுள்ளவர் புன்னகை செய்தாலும் அது கண்ணில் படுவதில்லை.

இனி நடனத்துக்கு வருவோம். தங்கை நடனம் கற்கப் போகவில்லை. எங்களுடன் பை தூக்கிக்கொண்டு வந்தவள். வகுப்புக் கதவோரம் அமர்ந்து இரண்டு மாதம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆடலாசிரியை அவளிடம் பெயர்கூடக் கேட்கவில்லை. கால் தாளம் போடுவதை மட்டும் கவனித்து, ஒரு நாள் கடைசி வரிசையில் ஓர் இடம் விட்டு வைத்தார். அவள் எழுந்து வந்து நின்றாள்.

தட்டடவு ஆடிப் பார்த்தவர்க்கு இதன் காரணம் விளங்கும். அரைமண்டியில் அமர வேண்டும். முதுகு நிமிர வேண்டும். ‘தையா தை’ என்னும் சொற்கட்டுக்குப் பாதம் முழுவதும் தரையில் படிய வேண்டும். முதற்காலத்தில் ஆடியதை இரண்டாங்காலத்தில் இரு மடங்கு வேகத்திலும், மூன்றாங்காலத்தில் நான்கு மடங்கு வேகத்திலும் ஆட வேண்டும். இத்தனைக்கும் நடுவே ‘என்னை யார் பார்க்கிறார்கள்?’ என்று நினைக்க நேரம் ஏது? கவனம் தன்னைவிட்டுத் தட்டுக்கழியின் ஓசைக்குப் போய்விடுகிறது. எட்டுப் பேர் ஒரே அடவை ஆடும்போது யாரும் தனியாகத் தெரிவதுமில்லை. இன்னொன்றும் உண்டு. ஆடினாலும் இதயம் படபடக்கும், வியர்வை வழியும். அஞ்சிய நாளில் அவளைக் கலக்கிய அதே அடையாளங்கள்! “அக்கா, இதே மாதிரிதான் வகுப்பிலும் அடித்துக்கொள்ளும், ஆனால் இது பயமாக இல்லை” என்று அவளே சொன்னாள். நூல்களில் படித்ததைவிட அச்சொல் எங்களுக்கு மிகுதியாக விளக்கியது.

பரதக் கலைக்குப் பெரும்புகழ் சேர்த்த பாலசரஸ்வதி அம்மையார் 1975ஆம் ஆண்டில் சென்னைத் தமிழ் இசைச் சங்க மாநாட்டில் ஆற்றிய உரையில் இதனைத் தொட்டிருக்கிறார். நிகழ்ச்சியின் தொடக்கமாகிய அலாரிப்பு ஆடுபவளின் உடலைத் தளர்த்தி, அதன் வழியே மனத்தையும் தளர்த்துகிறது என்பது அவர் கருத்து. அலாரிப்பில் கதை இல்லை, பாடல் இல்லை. கண், கழுத்து, தோள், கை, கால் என ஒவ்வோர் உறுப்பாக விழித்தெழுகிறது. மேலைநாட்டிலும் மேரியன் சேஸ் என்ற நடன மாது 1942 முதல் வாஷிங்டனில் உள்ள செயின்ட் எலிசபெத் மனநல மருத்துவமனையில், பேச்சற்றுப் போன நோயாளிகளுடன் ஆடி அவர்களை நெருங்கினார். 1966இல் அங்கு நடனச் சிகிச்சையாளர் சங்கமும் தோன்றியது.

இங்கே பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். பெண் நன்றாக ஆடுகிறாள் என்று தெரிந்ததும் நாம் மேடையை நினைத்துவிடுகிறோம். எங்கள் அம்மாவும் ஆண்டுவிழாவில் அவளைத் தனியாக ஆடவிட ஆசைப்பட்டார். அதைக் கேட்ட வாரம் அவள் வகுப்புக்கு வரவில்லை. நீச்சல் பழகுபவளை நடு ஆற்றில் தள்ளுவதற்கு ஒப்பானது அது. ஆசிரியை வேறு வழி கண்டார்: புதிதாகச் சேர்ந்த ஆறு சிறுமியர்க்குத் தட்டுக்கழி தட்டிச் சொற்கட்டைச் சொல்லும் வேலையை அவளுக்குத் தந்தார். முதல் நாள் குரல் கதவுவரைகூட எட்டவில்லை. சிறுமியர் “கேட்கவில்லை அக்கா” என்றனர். மூன்றாம் வாரம் தெருவரை கேட்டது. இன்று அவள் ஜதிசுவரம் கற்கிறாள். மேடைப் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. மேடை ஏறாமலே ஒருத்தி ஆடினால் என்ன குறை?

நடனமே மருந்து என்று நாங்கள் சொல்லவில்லை. ஆடிய மாலையிலும் கடைக்குப் போக அவள் அஞ்சினாள். அஞ்சுவதை விட்டு விலகும்தோறும் அச்சம் வளரும் என்றும், சிறிது சிறிதாக நெருங்கினால் குறையும் என்றும் மருத்துவர்கள் கூறுகின்றனர். அதற்கான பேச்சுவழிச் சிகிச்சையே முதன்மையானது. மைய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவைக்கு 14416 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம்; தமிழிலும் பேசலாம். தொலைபேசியில் பேசுவதே அச்சமாக உள்ளவள் எப்படிப் பேசுவாள்? எங்கள் வீட்டில் அப்பா பேசினார். பின்னர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஒரு மருத்துவர் அவளுடன் அமர்ந்து, எளிதிலிருந்து கடினம் நோக்கி எட்டுப் படிகள் எழுதிக் கொடுத்தார். கடையில் ஒரு பென்சில் கேட்டு வாங்குவது முதற்படி. எல்லோர் முன்னும் நின்று பாடம் வாசிப்பது எட்டாம் படி. அவள் இப்போது நான்காம் படியில் இருக்கிறாள்: பள்ளி வேப்பமரத்தடியில், ஒரே ஒரு தோழியின் எதிரில் அமர்ந்து, டிபன் பாக்ஸைத் திறந்து மதிய உணவு உண்பது.