தாய்லாந்தில் ஒரு தமிழ்க் கல்



பிறநாட்டுப் பயணம் வேடிக்கை பார்ப்பதற்கு மட்டுமன்று, கற்பதற்குமாம். நம் வட எல்லைக்கு அப்பால், தென் தாய்லாந்தில் உள்ளது நக்கோன் சி தம்மராட் மாகாணம். அங்குச் செல்வோர் காண வேண்டியவை எவை?

அங்குள்ள கைவினைஞர் வெள்ளிக் கலங்களில் சித்திரம் செதுக்கி, அப்பள்ளங்களில் கருநிற உலோகக் கலவையை உருக்கி நிரப்புவர். 'லிப்பாவ்' என்னும் காட்டுக் கொடியைக் கீறி அழகிய பைகள் பின்னுவர். தோலில் பாவைகள் வெட்டி, விளக்கொளியில் நிழற்கூத்து ஆடுவர்; இராமாயணக் கதையும் அதில் இடம்பெறும். மூத்தோர் கற்பித்ததை இளையோர் கற்றமையாலேயே இக்கலைகள் வாழ்கின்றன.

அங்குள்ள தேசிய அருங்காட்சியகத்தில் தமிழ்க் கல்வெட்டொன்றும் உண்டு. மேற்குக் கரையில், தக்குவா பா என்னுமிடத்தில் கிடைத்த அது, 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 'அவனிநாரணம்' என்னும் குளம், 'மணிக்கிராமம்' என்னும் வணிகர் குழுவின் காவலில் விடப்பட்ட செய்தியை அது கூறுகிறது.

அதைப் பொறித்து 1,100 ஆண்டுகளுக்கு மேலாயிற்று. பொறித்தவர் இன்றில்லை, எழுத்து நிற்கிறது. ஆயினும், படிப்பார் இல்லையேல் எழுத்தும் வெறுங்கீறலே அன்றோ?

எனவே, பெற்றோர்களே! நாள்தோறும் ஒரு பக்கமேனும் பிள்ளைகளைத் தமிழ் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். மாணவர்களே! அக்கல்லின்முன் நிற்கும் நாளில், அது தமிழென்று கண்டுணரும் கண்கள் உங்களுடையனவாகட்டும்.