பெயர் எழுதா நடுகல்

நடுகல் நமக்குப் புதியதன்று. போரில் வீழ்ந்த மறவனுக்குக் கல் தேர்ந்து, நீராட்டி, நட்டு, வாழ்த்தும் முறையைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. ஆயின், எப்போரிலும் சேராது தெருவில் வீழ்ந்தவனுக்குக் கல் உண்டா? இக்காலக் கலைஞர் சிலர் எழுப்பும் வினா இதுவே எனக் கருதுகிறேன்.

1992 டிசம்பர் 6-ஆம் நாள் அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. அதனையடுத்து அத்திங்களிலும் 1993 சனவரியிலும் நம் மும்பையில் கலவரம் மூண்டது, தாராவியும் தப்பவில்லை. மாண்டோர் 900 பேர் என்றது நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணையம். தெருவில் கிடந்த ஒருவரின் உடலை ஹோஷி ஜால் படம் பிடித்தார். நாளிதழ் அதனை வெளியிட்டது. நாளிதழுக்கு வாழ்வு ஒரு நாளே. மறுநாள் அது கடையில் பொட்டலம் மடிக்கப் போய்விடும். அப்படத்தையே கருவாகக் கொண்டு, விவான் சுந்தரம் 1993-இல் 'மெமோரியல்' என்னும் படைப்பை அமைத்தார். படத்தில் ஆணிகளை அறைந்தார். கண்ணாடிப் பேழையில் வைத்தார். தகரப் பெட்டிகளை அடுக்கி வாயில் எழுப்பினார். நெல்லைச் சீமையிலிருந்து நம் முன்னோர் சுமந்து வந்ததும் அத்தகைய பெட்டியன்றோ?

ஆறிய புண்ணைக் கிளறலாமா என்பர் சிலர். புண்ணை மூடி வைப்பது வேறு, ஆற்றுவது வேறு. இப்படைப்பு எவரையும் பழிவாங்க அழைக்கவில்லை. வீழ்ந்தவன் மனிதன் என்பதை மறக்காதே என்கிறது.

எனினும், நினைவு மட்டும் போதாது, செயலும் வேண்டும். அதற்குச் சான்று தாராவியிலேயே உண்டு. கலவரத்திற்குப்பின் அங்கு அமைதிக்காக உழைத்தவர்கள் வக்கார் கான், பாவு கோர்டே என்னும் இரு நண்பர்கள். நான்கு சமயத்தாரின் கோலத்தில் சிறுவர் நால்வரை நிறுத்தி, 'நாம் அனைவரும் ஒன்று' என்னும் பொருள்பட வக்கார் கான் சுவரொட்டி வெளியிட்டார். செம்பூரை அடுத்த தேவ்நாரில் உள்ள டாட்டா சமூக அறிவியல் கழகத்தைச் சேர்ந்த அஞ்சலி மொண்டேரோ, கே. பி. ஜெயசங்கர் இருவரும் இந்நண்பர்களைப் பற்றி 'நாத்தா' என்னும் ஆவணப்படம் எடுத்தனர். 'உறவு' என்பது அச்சொல்லின் பொருள்.

முன்னது அரங்கில் நின்று நினைவைக் காக்கிறது. பின்னது தெருவில் நின்று தீங்கு மீளாமல் தடுக்க முயல்கிறது. இரண்டும் வேண்டும்.

மாணவ நண்பர்களே! அந்நாட்களைக் கண்ட முதியோர் தாராவியிலும் மாதுங்காவிலும் இன்றும் நம்மிடையே உள்ளனர். தாராவியோ மறுசீரமைப்பை எதிர்நோக்கி நிற்கிறது. சந்துகள் இடிபடுமுன் அவர்களிடம் சென்று கேட்போம். கேட்டதைத் தமிழில் எழுதி வைப்போம்.