புண்ணாக்கைக் கூட்டினால் கறி கூடுமா?

ஒரத்தநாட்டிலிருந்து பட்டுக்கோட்டை வரை வெண்பன்றி வளர்க்கும் எந்தக் கொட்டிலுக்குள் நுழைந்தாலும் எனக்கு முன்னதாகவே அங்கு வந்து அமர்ந்திருக்கும் அபிப்பிராயம் ஒன்று உண்டு: 60 கிலோவைத் தாண்டிய பன்றிக்குக் கடலைப் புண்ணாக்கை எவ்வளவு கூட்டுகிறோமோ அவ்வளவு கறி கூடும் என்பது. மறுத்து மறுத்து நா வறண்டுவிட்டது. ஆயினும் கடன் வாங்கி மூட்டை இறக்கும் குடும்பங்கள் நஷ்டப்படுவதைக் கண்டு வாளாவிருக்க மனம் ஒப்பவில்லை.

பன்றியின் சரீரம் புரதம் என்ற பெயரைக் கண்டு பெருப்பதில்லை. தின்ற புரதத்தை ஜீரணித்து, அதிலிருந்து பிரிந்த அமினோ அமிலங்களை ஒரு விகிதப்படி கோத்தே அது தசையைக் கட்டுகிறது. லைசின் 100 பங்கு என்றால் திரியோனின் ஏறக்குறைய 65, மெத்தியோனினும் சிஸ்டீனும் சேர்ந்து 60, டிரிப்டோபான் 18 என்பது அவ்விகிதம். ஒன்று குறைந்தால் அக்குறைவின் எல்லையிலேயே வளர்ச்சி நின்றுவிட, மிஞ்சிய மற்றவை சிதைந்து யூரியாவாகிச் சிறுநீரில் கழிகின்றன. கொட்டிலில் மூக்கைத் துளைக்கும் அந்த நெடியில், நீங்கள் விலை கொடுத்து வாங்கிய புண்ணாக்கும் கலந்திருக்கிறது.

கணக்கையே பாருங்கள். குருணை 60 பங்கு, தவிடு 25, கடலைப் புண்ணாக்கு 15 என்று கலந்தால் புரதம் 14 சதவிகிதத்துக்குச் சற்று மேல். கொழுக்கும் பருவத்துக்கு அது போதும். ஆனால் லைசினோ 0.54 சதவிகிதந்தான்; வேண்டுவது 0.7 அளவில். அரிசிக்கும் தவிட்டுக்கும் எது குறையோ அதுவே கடலைக்கும் குறை என்பதால், புண்ணாக்கை மட்டும் கொண்டு இப்பள்ளத்தை நிரப்பப் புகுந்தால் 15 பங்கை 30 ஆக்க வேண்டும்; அப்போது புரதம் 20 சதவிகிதத்தை எட்டிப் பெரும்பகுதி வீணாகும். அதே 15 பங்குக்குச் சோயாப் புண்ணாக்கை இட்டாலோ, புரதம் கூடாமலே லைசின் 0.72 ஆகிறது. கடலைதான் கையில் உண்டென்றால், நூறு கிலோத் தீவனத்துக்கு 200 கிராம் லைசின் தூள் அப்பணியைச் செய்துவிடும். எள்ளுப் புண்ணாக்கு மெத்தியோனினில் செல்வம், லைசினில் தரித்திரம். அதை மாற்றாகக் கொள்வோர் குறையைக் குறையால் நிரப்புகிறார்கள். கோதுமைப் புரதம் ஒன்றையே உண்டு வளர்ச்சி நின்ற எலிகள் லைசின் சேர்த்ததும் மீண்டும் வளர்ந்ததை, அமெரிக்காவில் ஆஸ்பர்னும் மெண்டலும் 1914-லேயே காட்டிவிட்டார்கள். நூறாண்டுக்கு மேலாகியும் நாம் புண்ணாக்கு மூட்டையை எண்ணிக்கொண்டிருப்பது என்ன நியாயம்?

லைசின் தூள் ஹார்மோன் என்பது பொய்; சர்க்கரைப் பாகை நுண்ணுயிர் கொண்டு நொதிக்க வைத்து எடுப்பது அது. பச்சைச் சோயா வறுத்ததற்குச் சமம் என்பதும் பொய். ஜீரணத்தைத் தடுக்கும் பொருள் அதில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கைப் பன்றிதானே என்று போடுகிறவர்களிடம் வாதாட எனக்குப் பொறுமை இல்லை. அப்ளாடாக்ஸின் என்னும் அந்த நஞ்சு ஈரலைக் கெடுக்கும். சந்தேகம் உள்ளவர்கள் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வகத்துக்கு ஒரு பிடி அனுப்பிப் பார்க்கட்டும்.

சோயா நம் மண்ணின் பயிரன்று என்ற மனக்குறை எனக்கும் உண்டு. ஆனால் உளுந்து நம்முடையது. அரிசியில் குறைந்த லைசின் உளுந்தில் மிகுதி; உளுந்தில் குறைந்த மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது; நம் பாட்டிமார் இட்லிக்கு இரண்டையும் சேர்த்து ஆட்டியதும் இதே பொருத்தந்தான். தையில் சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பாக, நிற்கும் பயிரினூடே ஈரச் சேற்றில் ஆடுதுறை 3 உளுந்தை வீசிவிட்டால், உழவுமின்றிப் பாய்ச்சலுமின்றி எழுபது, எழுபத்தைந்து நாளில் காய் முற்றும். அறுவடை இயந்திரம் முளையை நசுக்கிவிடுகிறது என்று பலர் இவ்வழக்கத்தைக் கைவிட்டார்கள். கை அறுப்புக்கு ஆள் கிடைக்கும் வயலிலாவது அதை மீட்க வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன். பருப்பு உடைத்தபின் விழும் நொறுங்கலைப் பச்சையாகப் போடாமல் நன்கு வேகவைத்து, புண்ணாக்கில் ஒரு பங்கைக் குறைத்து அவ்விடத்தில் சேருங்கள். உளுந்தின் தோலான பொட்டில் நார் அதிகம், அதைச் சிறிதளவே இடுங்கள்.