கணிப்பொறியில் தேடுவழி அமைத்தல்

முன்னுரை

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று நமது திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கப்பெற்றது. அதன் பயனாகத் தமிழ் பயிலும் மாணவர் கைகளிலும் கணிப்பொறி வந்து சேர்ந்தது. சொல்லடைவு தொகுக்கவும் சொற்களை எண்ணவும் இன்று நிரல்கள் நாடப்படுகின்றன. அவற்றை நிறுவுவோர் முதலில் இடறும் இடம் 'பாத்' எனப்படும் தேடுவழியாகும். அதனைப் பிழையின்றி அமைக்கும் முறையை ஈண்டுக் காண்போம்.

தேடுவழியின் இயல்பு

கட்டளைச் சாளரத்தில் ஒரு நிரலின் பெயரை மட்டும் தட்டச்சு செய்தால், கணிப்பொறி வட்டு முழுவதையும் துழாவுவதில்லை. விண்டோஸில் முதலில் நடப்புக் கோப்புறையையும், பின்னர்த் தேடுவழியில் குறித்த கோப்புறைகளை எழுதிய வரிசையிலேயும் பார்க்கிறது. அக்கோப்புறைகளை விண்டோஸில் அரைப்புள்ளியும் லினக்ஸில் முக்காற்புள்ளியும் பிரித்துக் காட்டும்.

திருத்தணி மலைக்குச் செல்ல 365 படிகளும் உண்டு. ஊர்திச் சாலையும் உண்டு. எவ்வழி சென்றாலும் சேருமிடம் ஒன்றே. தேடுவழி அவ்வாறன்று. ஒரே பெயருடைய நிரல்கள் இரு கோப்புறைகளில் இருப்பின், வரிசையில் முன்னே நிற்பதே இயங்கும். ஆகவே வரிசை என்பது காப்பும் ஆகும். பிறர் எழுதக்கூடிய கோப்புறையை முன்னே வைத்தால், அங்கு இடப்படும் போலி நிரல் மெய்ந்நிரலின் பெயரால் இயங்கிவிடும். லினக்ஸில் நடப்புக் கோப்புறையைக் குறிக்கும் புள்ளியைத் தேடுவழியில் சேர்க்கலாகாது என்பதும் இதனாலேயே.

நேர்ந்த பிழை

நம் மாணவி ஒருவர் ஆய்வேட்டிற்காகப் பைத்தான் மொழியை நிறுவினார். 'செட்எக்ஸ்' கட்டளையால், கணிப்பொறி முழுமைக்குமான தேடுவழிக்குப் பைத்தான் கோப்புறையை மட்டும் மதிப்பாக அளித்தார். சேர்ப்பதாக எண்ணியது மாற்றுவதாக முடிந்தது. புதிய சாளரத்தில் 'பிங்' போன்ற கட்டளைகளும் இயங்கவில்லை. ஆய்வேடு அளிக்க மூன்று நாள்களே இருந்தன. கணிப்பொறி பழுதாயிற்று என அஞ்சி, அனைத்தையும் அழித்து மீண்டும் நிறுவ முற்பட்டார். அவர் தொகுத்த சொற்பட்டியல்களோ அதில்தான் இருந்தன. நல்வேளையாக, கட்டளை தந்த பழைய சாளரம் மூடப்படவில்லை. திறந்திருக்கும் சாளரம் பழைய தேடுவழியையே வைத்திருக்கும். அதிலிருந்து படியெடுத்து மீட்டோம்.

பாதுகாப்பான முறை

1. மாற்றுமுன் 'எக்கோ' கட்டளையால் தேடுவழியை வெளியிட்டு, உரைக்கோப்பு ஒன்றில் படியெடுத்து வைக்க வேண்டும்.

2. 'செட்' கட்டளையால், பழைய மதிப்பின் இறுதியில் புதிய கோப்புறையைச் சேர்த்துச் சோதிக்க வேண்டும். இம்மாற்றம் அச்சாளரத்தோடு மறையும், தீங்கில்லை.

3. நிலையாக அமைக்கச் சூழல் மாறிகள் பெட்டியை நாடுதல் நலம். 'செட்எக்ஸ்' 1024 எழுத்துகளுக்கு மேற்பட்டதை வெட்டிவிடும். ஒருவர்க்கு மட்டும் வேண்டுமெனில் பயனர் பகுதியில் சேர்த்தாலே போதும்.

4. புதிய சாளரம் திறந்து, விண்டோஸில் 'வேர்', லினக்ஸில் 'விச்' கட்டளையால் எக்கோப்புறையின் நிரல் இயங்குகிறது எனச் சரிபார்க்க வேண்டும்.

முடிவுரை

மூல ஏட்டைக் காத்த பின்னரே படியில் திருத்துக என்பது பதிப்புப் பணியில் நாம் மாணவர்க்குக் கூறும் முதற்பாடம். கணிப்பொறிக்கும் அப்பாடமே பொருந்தும்.