சிறுநீரில் தெரியும் கஷாயம்

தலைப்பைப் பார்த்துச் சிரிக்காதீங்க. விஷயம் பெரிசு.

சீன வைத்தியத்தில் பெரும்பாலும் ஒரே மூலிகையைக் கொடுக்க மாட்டார்கள். பல வேர், பட்டை, தண்டுகளைச் சேர்த்துக் காய்ச்சிக் குடிக்கச் சொல்வார்கள். து யூயூ என்ற சீன விஞ்ஞானி ஒரே ஒரு செடியிலிருந்து மலேரியா மருந்தான ஆர்டிமிசினினைக் கண்டுபிடித்ததற்காக 2015-ல் நோபல் பரிசு பெற்றார். அது ஒரு செடி, ஒரு பொருள். ஆனால் ஒரு குவளைக் கஷாயத்தில் நூற்றுக்கணக்கான வேதிப்பொருள்கள் இருக்கும். எது வேலை செய்கிறது, எது கெடுதல் செய்கிறது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து முடியுமா? அதனால் விஞ்ஞானிகள் கஷாயத்தைப் பார்ப்பதோடு, குடித்தவரின் உடம்பையும் பார்க்க ஆரம்பித்தார்கள்.

நம் அறிவியல் பாடத்தில் வரும் வளர்சிதை மாற்றம்தான் இதற்கு அடிப்படை. சாப்பாடு உடம்புக்குள் மாறும்போது குளுக்கோஸ், யூரியா, கிரியாட்டினின், அமினோ அமிலங்கள் என்று நிறைய சின்னச் சின்ன மூலக்கூறுகள் உண்டாகின்றன. ரத்தத்தையோ சிறுநீரையோ நிறை நிறமாலைமானி என்ற கருவியில் வைத்தால், அவை எல்லாம் மலைத்தொடர் மாதிரி ஏறி இறங்கும் ஒரு படமாக வரும். நோயில்லாதவர் படம் ஒரு மாதிரி, நோயாளி படம் வேறு மாதிரி. மருந்து குடித்த பிறகு நோயாளியின் படம் நோயில்லாதவர் படத்தை நோக்கித் திரும்புகிறதா, இல்லை வேறெங்கோ போகிறதா என்று ஒப்பிடுவார்கள். ஒரு பொருளை மட்டும் அளக்காமல் மொத்தமாகப் பார்ப்பதுதான் இதன் சிறப்பு. 1999-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஜெரமி நிக்கல்சன் குழுவினர் இதற்கு மெட்டபோனாமிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். ஒரு தொல்லை: முந்தின நாள் மீன் சாப்பிட்டிருந்தாலே படம் மாறிவிடுமாம்! அதனால் என்ன சாப்பிட்டார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

இது ஏன் முக்கியம்? பெல்ஜியம் நாட்டுத் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் நடந்ததைக் கேளுங்கள். உடல் இளைக்க வைக்கும் ஒரு மருத்துவ நிலையத்தில் 1990-லிருந்து சீன மூலிகை கலந்த மாத்திரை கொடுத்தார்கள். போட வேண்டியது ஹான் ஃபாங் ஜி. வந்து சேர்ந்தது குவாங் ஃபாங் ஜி. பெயர்தான் ஒட்டியிருக்கிறது, செடிகளோ வெவ்வேறு குடும்பம். இரண்டாவதில் அரிஸ்டோலோகிக் அமிலம் என்ற விஷம் உண்டு. பல மாதம் சாப்பிட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் சுருங்கிப் போனது. ஏறக்குறைய நூறு பேர்! 2000-ல் வெளியான ஆய்வில், சிறுநீரகம் செயலிழந்த 39 பேரைச் சோதித்ததில் 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய். இளைக்கணும்னு நினைச்சது ஒரு குற்றமா?

இதில் கொடுமை என்னவென்றால், வழக்கமான கிரியாட்டினின் பரிசோதனையில் சிறுநீரகம் பாதிக்குப் பாதி கெட்ட பிறகுதான் தெளிவாகத் தெரியும். அதனால்தான் சிறுநீரின் மொத்தப் படத்தைப் பார்க்கிறார்கள். 2006-ல் ஷாங்காய் ஆய்வாளர்கள் எலிகளுக்கு இந்த அமிலத்தைக் கொடுத்து, அவற்றின் சிறுநீர்ப் படம் மற்ற எலிகளின் படத்திலிருந்து விலகிப் போவதைக் காட்டினார்கள். (பாவம் எலிகள்.) எலிக்கு வந்ததெல்லாம் மனுஷனுக்கு அப்படியே வரும் என்று சொல்ல முடியாதுதான். இந்த அமிலம் உள்ள குவான் மு டோங் என்ற இன்னொரு மூலிகையைச் சீன அரசே 2003-ல் மருந்துப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

இதைப் படித்தபோது எனக்குத் திக்கென்றது. நம் ஊர்க் காட்டில் படர்ந்து கிடக்கும் ஆடுதின்னாப்பாளையும் அதே அரிஸ்டோலோகியா இனம்தான். அதிலும் இந்த அமிலம் இருக்கிறது. எங்க ஆயா வயிற்றுப் பூச்சிக்கு அதை அரைச்சுக் கொடுக்கும். பிரஸ்ஸல்ஸ் கதையை ஆயாவிடம் சொன்னேன். முதலில் "காலங்காலமா குடுக்கிறோம், யாரு செத்தா?" என்று கோபப்பட்டது. "பத்து வருஷம் கழிச்சுக் கிட்னி கெட்டா, இந்த இலையாலனு யாருக்கு ஆயா தெரியும்?" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஆடு தின்னாம விடுதுன்னா அதுக்கு என்னவோ தெரிஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு, தம்பியைப் பூச்சி மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போச்சு.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி