கிரிப்டோ கம்யூனிட்டியில சேரச் சொல்றாங்களா? முதல்ல இந்தக் கடற்கரை ஊரைப் பாருங்க



"புதுசா ஒரு காயின் வந்திருக்கு, எங்க கம்யூனிட்டில சேர்ந்துடுங்க, இப்போ வாங்கினா ஆறு மாசத்துல..." இப்படி ஒரு அழைப்பு உங்களுக்கும் வந்திருக்கும். அனுப்புறவர் பெரும்பாலும் தெரிஞ்சவரா இருப்பார், அதனாலதான் மறுக்கச் சங்கடம். அவர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "இதை வச்சு கடைசியா எந்தக் கடையில என்ன வாங்கினீங்க?"

இந்தக் கேள்வியோட மதிப்பு புரியணும்னா மத்திய அமெரிக்காவுல இருக்கிற எல் சால்வடோருக்குப் போகணும். அங்கே எல் சோன்டேன்னு ஒரு சின்ன கடற்கரை ஊர். அலைச்சறுக்கு விளையாட வர்றவங்களை நம்பித்தான் பிழைப்பு. பல பேருக்கு வங்கிக் கணக்கே கிடையாது. 2019-ல பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் பிட்காயினை நன்கொடையா கொடுக்க முன்வந்தார். அதை டாலரா மாத்தாம, ஊருக்குள்ள பிட்காயினாவே புழங்க விடணும்ங்கறது அவர் விருப்பம். அங்கே இருந்த மைக் பீட்டர்சன் என்ற அமெரிக்கரும் உள்ளூர் இளைஞர்களும் சேர்ந்து 'பிட்காயின் பீச்' திட்டத்தை ஆரம்பிச்சாங்க.

இங்கேதான் கவனிக்கணும். யாரையும் காயின் வாங்கச் சொல்லல. ஊரைச் சுத்தம் பண்ற மாதிரி வேலைகள் செஞ்ச பசங்களுக்குக் கூலியா கொடுத்தாங்க. கூலி கையில இருக்கு, ஆனா கடைக்காரர் வாங்கினாத்தானே அது காசு? வாடிக்கையாளர் வந்து நிக்கிறார்ங்கறதால கடைக்காரரும் போன்ல வாலட் போட்டுக்கிட்டார். சொந்தக் காசு ஒரு ரூபாய்கூட போடாம ஒருத்தர் கத்துக்கிட்டது இப்படித்தான்.

ஒரு டெக்னிக்கல் சிக்கலும் இருந்தது. பிட்காயின் பிளாக்செயின்ல ஒரு பிளாக் சேர சராசரியா 10 நிமிஷம் ஆகும், கூட்டம் அதிகமானா கட்டணமும் ஏறும். புபுசா (உள்ளே சீஸ், பீன்ஸ் வச்சுச் சுட்ட சோள ரொட்டி, அந்த ஊர் டிபன்) வாங்க அவ்வளவு நேரம் யார் நிப்பாங்க? அதனால லைட்னிங் நெட்வொர்க்கைப் பயன்படுத்தினாங்க. சின்னச் சின்னப் பணப்பரிமாற்றம் மெயின் செயினுக்கு வெளியே சில நொடியில முடிஞ்சிடும். கணக்கு சட்டோஷியில. 1 பிட்காயின்னா 10 கோடி சட்டோஷி.

இதைப் பார்த்துட்டு அரசாங்கம் நாடு முழுக்க இறங்கினது. 2021 செப்டம்பர் 7 முதல் பிட்காயின் சட்டப்பூர்வ பணம். சிவோன்னு ஒரு வாலட், டவுன்லோட் பண்ணினா 30 டாலர் இலவசம். நிறைய பேர் அந்த 30 டாலரைச் செலவழிச்சிட்டு ஆப்பைத் திரும்பிப் பார்க்கவே இல்ல. 2025 ஜனவரியில சட்டத்தையே திருத்தி, கடைகள் ஏத்துக்கறது கட்டாயமில்லன்னு ஆக்கிட்டாங்க. போனஸுக்காக வந்தவங்க போனஸ் தீர்ந்ததும் போயிடுவாங்க. ரெஃபரல் போனஸ் காட்டி ஆள் சேர்க்கிற குரூப்களுக்கும் இது பொருந்தும்ங்கறது என் கருத்து.

சரி, உங்க வீட்டுல யாராவது "எனக்கும் இதைச் சொல்லிக் கொடு"ன்னு கேட்டா? நூறு ரூபாய் மதிப்புக்கு நீங்களே அனுப்புங்க. அவங்க உங்களுக்குத் திருப்பி அனுப்பட்டும். அப்புறம் 12 வார்த்தை ரெகவரி சொற்களைப் பேப்பர்ல எழுதச் சொல்லி, ஆப்பை அழிச்சிட்டு, அந்தச் சொற்களை வச்சு மறுபடி திறக்கச் சொல்லுங்க. இந்த மூணாவது படியைத் தாண்டாதவங்க பெரிய தொகை போடவே கூடாது. அந்த 12 வார்த்தையை யார் கேட்டாலும், நீங்களே கேட்டாலும், சொல்லக் கூடாதுன்னு அப்பவே சொல்லிடுங்க.

இன்னொண்ணு, நமக்கு யுபிஐ இருக்கு. எல் சோன்டேல இருந்த தேவை நம்ம தெருக்கடையில இல்ல. போதாக்குறைக்கு வரி. 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30% வரி, மேல 4% செஸ். கிரிப்டோ கொடுத்துப் பொருள் வாங்கினாலும் அது விற்பனைக் கணக்குதான். ஒரு காயின்ல 10,000 ரூபாய் லாபம், இன்னொண்ணுல 10,000 ரூபாய் நஷ்டம்னு வச்சுக்கோங்க. கையில நின்னது பூஜ்யம். ஆனா நஷ்டத்தைக் கழிக்க முடியாது, 3,120 ரூபாய் வரி கட்டியே ஆகணும்.