மாங்கனீஸ் சுரங்கத்தில் வேலையா? கறுப்பை உடைத்துப் பாருங்கள்

நிலவியல் முடித்துவிட்டு பாலாகாட், நாக்பூர், பண்டாரா பக்கம் மாங்கனீஸ் சுரங்கத்துக்குப் போகிறவர்கள் முதலில் பழக வேண்டியது சுத்தியல். வெயிலிலும் மழையிலும் கிடந்த பாறையெல்லாம் அங்கே மேலே கறுத்துப்போயிருக்கும். அந்தத் தோலை நம்பிப் பெயர் எழுதாதீர்கள். உடைத்த புது முகத்தைப் பாருங்கள்.

உள்ளே இளஞ்சிவப்பு தெரிந்தால், அது ரோடோகுரோசைட்டா ரோடோனைட்டா என்று பார்க்கப் பேனாக்கத்தியை எடுங்கள். ரோடோகுரோசைட்டின் கடினத்தன்மை 3.5 முதல் 4 வரைதான்; கத்தி சுலபமாகக் கீறும். கார்பனேட் என்பதால் சூடான நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நுரைக்கும். ரோடோனைட் சிலிக்கேட், நுரைக்காது, கத்திக்கும் லேசில் மசியாது. ஆரஞ்சு, செம்பழுப்பு மணிகள் பிளவுத்தளம் இல்லாமல் உடைந்தால் ஸ்பெசார்டைன் கார்னெட்டாக இருக்கலாம். அது குவார்ட்ஸோடு சேர்ந்த உருமாறிய பாறைக்கு கோண்டு மக்களை வைத்து கோண்டைட் என்று பெயரிட்டவர் நிலவியலாளர் லீ ஃபெர்மர். இந்திய மாங்கனீஸ் பற்றி 1909இல் வந்த அவருடைய பெருநூலை இன்றும் புரட்டலாம்.

கறுப்புக் கனிமங்களில்தான் உண்மையான சோதனை. காந்தம் வலுவாக இழுத்தால் ஜேக்கப்சைட்டைச் சந்தேகியுங்கள். பிரானைட்டிடம் கூடுதல் கவனம் வேண்டும். தூய பிரானைட்டில் மாங்கனீஸ் சுமார் 63 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதன் படிகக் கட்டமைப்பிலேயே 10 சதவீதம் அளவுக்கு சிலிக்கா உட்கார்ந்திருக்கிறது. குவார்ட்ஸ் கலந்த தாது என்றால் நொறுக்கிக் கழுவிப் பிரிக்கலாம். பிரானைட்டின் சிலிக்காவை ஜிக் போன்ற எந்தக் கழுவு இயந்திரமும் பிரிக்காது. ஆய்வக அறிக்கையில் சிலிக்கா எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, "கழுவினால் தரம் ஏறும்" என்று மேலாளரிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். அந்தச் சிலிக்கா எந்தக் கனிமத்தில் இருக்கிறது என்று சொல்லத்தான் உங்களுக்குச் சம்பளம்.

அதற்கு நுண்ணோக்கி வேண்டும். தாதுக் கனிமங்களுக்கு மெருகேற்றிய துண்டு. மற்றவற்றுக்கு மெல்லிய பாறைச் சீவல். சீவலை மேடையில் சுழற்றும்போது ஒரே மணி மஞ்சள், ஊதா, சிவப்பு என்று நிறம் மாறினால் பீமாண்டைட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். அதில் மாங்கனீஸ் மூன்று இணைதிறனில் இருக்கிறது. பாறை உருமாறியபோது ஆக்சிஜன் தாராளமாக இருந்ததற்கான தடயம் அது. எனக்கு இதைவிட அழகான காட்சி நுண்ணோக்கியில் கிடையாது.

வேலைக்கு வழி: மாங்கனீஸ் சுரங்க நிறுவனமான மாயிலின் (MOIL) அறிவிப்புகள், யுபிஎஸ்சி நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வு.

வேலைக்குச் சேர்ந்தபின் ஒன்றை மறக்காதீர்கள்: மாங்கனீஸ் தூசி வருடக்கணக்கில் உள்ளே போனால் நரம்பு மண்டலத்தைக் கெடுக்கும். முகக்கவசத்தைக் கழற்றாதீர்கள்; தண்ணீர் விடாமல் துளையிடும் இடத்தில் மாதிரி எடுக்க நிற்காதீர்கள்.